மே மாதமும் மெழுகும்: வீணையைப் பார்த்துக்கொள்ளும் விதம்

எங்கள் வீட்டில் மூன்று வீணை இருக்கிறது. வாசிப்பது என் மனைவி. துடைப்பது, தூக்குவது, தந்தி மாற்றுவது, தஞ்சாவூருக்கு எடுத்துப் போவது எல்லாம் நான். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கம்பி, இழுவை, தொய்வு என்று 34 வருஷம் குடித்தனம் நடத்தியவனுக்கு வீணை அவ்வளவு அந்நியமாகப் படவில்லை. ஆனால் அதில் மெழுகு என்று ஒன்று இருப்பதை மட்டும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

2016 மே மாதம். புதுக்கோட்டையில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், மாலை ரிசப்ஷனில் இவள் வாசிப்பதாக ஏற்பாடு. கும்பகோணத்திலிருந்து காரில் போனோம். மண்டப வாசலில் இறங்கியதுமே பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். வீணை பின்சீட்டில் உறையோடு படுத்திருக்கிறது, கண்ணாடி நாலும் ஏற்றியாயிற்று, பூட்டியாயிற்று, நல்ல பாதுகாப்புத்தானே என்று நினைத்துக்கொண்டு சாப்பிடப் போனேன். ஒன்றேகால் மணி நேரம். திரும்பி வந்து கதவைத் திறந்ததும் குப்பென்று ஒரு வாசனை, தேன்கூட்டைப் பிழிந்த மாதிரி. உறையைக் கழற்றினால் மெட்டுகள், அதாவது தந்திக்கு அடியில் குறுக்காக நிற்கும் உலோகக் கட்டைகள், ஒன்றுக்கொன்று சாய்ந்து நிற்கின்றன. கறுப்பு மெழுகு பக்கவாட்டில் வழிந்து உறையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு வருஷம் கழித்து கஜா புயல் சீரமைப்பு வேலைக்கு அதே புதுக்கோட்டைப் பக்கம் போனபோது, சாய்ந்து கிடந்த கம்ப வரிசையைப் பார்த்ததும் எனக்கு அந்த வீணைதான் ஞாபகம் வந்தது.

அன்று மாலை அவள் வாசிக்கவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

அதனால் வீணையை எப்படி வைத்துக்கொள்வது என்று யார் கேட்டாலும் நான் மெழுகிலிருந்துதான் ஆரம்பிப்பேன். குடம், அதாவது ஒரு முனையில் உருண்டையாக இருக்கும் பெரிய பகுதி, பலா மரம். அது நின்று நிதானமாகத்தான் கெடும். மெழுகு ஒரே மத்தியானத்தில் போய்விடும்.

குடத்திலிருந்து நீளும் கழுத்துதான் தண்டி. அதன் இரண்டு ஓரத்திலும் நீளவாக்கில் கறுப்பாக இரண்டு வரப்பு ஓடுகிறதே, அதுதான் மெழுகு மேளம். தேன்மெழுகில் கரித்தூள் கலந்து செய்வது. கெட்டிப்படக் குங்கிலியம் சேர்ப்பவர்களும் உண்டு. அந்த வரப்பின் மேல்தான் 24 மெட்டும் பதிந்து நிற்கின்றன, ஒரு ஸ்தாயிக்கு 12 வீதம் இரண்டு ஸ்தாயிக்கு. ஆணி கிடையாது, பசை கிடையாது. தஞ்சாவூரில் ரகுநாத நாயக்கர் ஆண்ட காலத்தில், அதாவது 1600க்குப் பிறகு, இப்படி 24 மெட்டையும் நிலையாகப் பதிக்கும் முறை வந்தது என்பார்கள். தேன்மெழுகு முழுசாக உருகுவது 62, 64 டிகிரி வாக்கில். ஆனால் அதற்கு வெகு முன்பே, 40ஐத் தாண்டும்போதே, களிமண் மாதிரி இளகிவிடும். மேலே மெட்டின் பாரம் இருக்கிறது. இளகிய மெழுகில் மெட்டு மயிரிழை நகர்ந்தால் போதும், காந்தாரம் காந்தாரமாக இருக்காது. மூடிய கார் மே மாத வெயிலில் 60 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். கணக்கு அவ்வளவுதான்.

மெழுகு சரியாக இருக்கிறதா என்று பார்க்க எனக்கு ஒரு வழி உண்டு. புதுசாக லைன் இழுத்தால் கடைசிக் கம்பத்தடியில் நின்று ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வரிசை பார்ப்போம். ஒரு கம்பம் அரை அடி விலகினாலும் தெரிந்துவிடும். அதே மாதிரி தண்டியின் நுனியில் இருக்கும் யாளி முகத்துப் பக்கம் உட்கார்ந்து, கண்ணை மெட்டு மட்டத்துக்குத் தாழ்த்தி, குடத்தின் மேல் தந்திகளைத் தாங்கும் குதிரையை நோக்கிப் பாருங்கள். 24 மெட்டின் தலையும் ஒரே சீராக இறங்கிப் போக வேண்டும். ஒன்று மட்டும் தலை தூக்கினாலோ, ஒரு தோள் தாழ்ந்தாலோ அந்த இடத்து மெழுகை விரல் நுனியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். நல்ல மெழுகு வழவழப்பாக, கெட்டியாக இருக்கும். நகம் பதிந்தால் இளகியிருக்கிறது. மெட்டின் காலடியில் கோடு விழுந்து, பொடி உதிர்ந்தால் காய்ந்துவிட்டது. இரண்டுக்கும் வீட்டில் வைத்தியம் பார்க்காதீர்கள். மெழுகுவர்த்தியைக் கொளுத்தி ஒரு சொட்டு விடலாமே என்று எனக்கும் தோன்றியதுதான். வர்த்தி மெழுகு பாரஃபின், அது வேறு சரக்கு, தேன்மெழுகோடு சேர்ந்து நிற்காது. முடி உலர்த்தும் மெஷினைக் காட்டுவது அதைவிட மோசம். ஒரு மெட்டைச் சரிசெய்யப் போய்ப் பக்கத்து ஐந்தும் மிதக்க ஆரம்பிக்கும்.

அந்தப் புதுக்கோட்டை வீணையைத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனேன். தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது பலருக்குத் தெரியும். அந்த ஊர்ப் பட்டறைகளில் ஒன்றில் உட்கார்ந்து ஆசாரி மேளம் கட்டுவதைப் பார்த்தவர்கள் குறைவு. பழைய மெழுகை முழுக்கச் சுரண்டி எடுத்தார். புது மெழுகைச் சூடு காட்டிப் பிசைந்து, திரித்து, வரப்பாக ஒட்டினார். ஒவ்வொரு மெட்டாக வைத்து, தந்தியை மீட்டி, காதைச் சாய்த்து, சின்னக் கட்டையால் ஒரு தட்டு. மறுபடி மீட்டல். மறுபடி தட்டு. அந்தத் தட்டில் மெட்டு நகர்ந்ததா என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் சத்தம் மாறியது. இரண்டு நாள் ஆயிற்று. கிளம்பும்போது, "சார், சின்னக் குழந்தையைக் கார்ல விட்டுட்டுச் சாப்பிடப் போவீங்களா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

இனி வீட்டுக்குள் எங்கே வைப்பது என்று பார்ப்போம்.

மேற்குச் சுவர் ஓரம் வேண்டாம். சாயங்காலம் வரை வெயில் குடித்த சுவர் ராத்திரி பத்து மணி வரை அனல் விடும். சமையலறைச் சுவருக்கு மறுபக்கமும் அப்படித்தான். ஏசி காற்று நேராக விழும் இடமும் கூடாது. காய்ந்த குளிர்க்காற்றில் தந்தியை முறுக்கும் பிரடை சுருங்கி வழுக்கும், மெழுகு விறைத்து வெடிக்கும். பரண் கூடவே கூடாது. என் மாமியாரின் ஏகாண்ட வீணை ஆறு வருஷம் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் பரணில் கிடந்தது. ஒரே மரத்தில் குடம், தண்டி, யாளி எல்லாம் குடைந்தெடுத்த பொருள், அதனால் மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மெழுகு மட்டும் வறட்டி மாதிரி விண்டு வந்தது.

உள்ளறையில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து அரை அடி உயரத்தில் ஒரு பலகை போட்டு வையுங்கள். அரை அடி எதற்கென்றால், வீட்டைத் துடைக்கிற தண்ணீர். தரையில் வைத்த வீணையைச் சுற்றி ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு போவார்கள், குடத்தின் அடி தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அந்த ஈரத்தை உறிஞ்சும். பலகை மேல் குடம் உட்காரப் பழைய வேட்டியைச் சுருட்டி ஒரு சும்மாடு, தண்டிக்கு அடியில் மறுபக்கம் இருக்கும் சுரைக்காய்க்குச் சின்னதாக இன்னொரு சும்மாடு. தலையில் குடம் தூக்கும்போது வைப்போமே, அதே சும்மாடுதான். இதைவிட நல்ல ஏற்பாட்டை எந்தக் கடையிலும் பார்க்கவில்லை. வீணை உருளாது, யாளியின் மூக்கு எதிலும் இடிக்காது.

மூலையில் நிறுத்தி வைக்காதீர்கள். டிவியில் அப்படித்தான் காட்டுகிறார்கள், அழகாகத்தான் இருக்கிறது. நாலடி நீளத்துப் பொருள், பாரமெல்லாம் அடியில். ஒரு பூனை போதும்.

தூக்கும்போது ஒரு கை குடத்தை ஒட்டித் தண்டிக்கு அடியில், மற்றொரு கை சுரைக்காய்க்கு அந்தப் பக்கம் தண்டிக்கு அடியில். சுரைக்காயைப் பிடித்துத் தூக்குவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. அது ஒரு திருகாணியில் நிற்கிறது, அவ்வளவுதான். இந்தக் காலத்தில் அது நிஜச் சுரைக்காயாகவும் இருப்பதில்லை, காகிதக் கூழிலோ ஃபைபரிலோ செய்ததுதான். மாமியார் வீணையில் இருப்பது நிஜம். அதைத் தட்டினால் வரும் சத்தமே தனி, அதனால் எனக்கு அதன் மேல் ஒரு கூடுதல் பயம்.

வாசித்து முடித்ததும் ஐந்து நிமிஷ வேலை ஒன்று உண்டு. இதைச் செய்தால் மற்ற எல்லாம் பாதியாகக் குறையும். இடக்கை விரல் வழுக்கிப் போகத் தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொண்டு வாசிப்பது வழக்கம். அந்த எண்ணெய் தந்தியில் ஒட்டும், தூசியைச் சேர்க்கும், மெட்டின் மேல் கறுப்புப் பிசுக்காகப் படியும், அங்கிருந்து மெழுகில் இறங்கும். எண்ணெய் பட்ட மெழுகு இளகும், வெயிலே வேண்டாம். பலமுறை துவைத்து நைந்த பருத்தித் துணியை எடுத்துத் தந்தியை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துக் குதிரையிலிருந்து மேலே வரை ஒரு இழுப்பு. நாலு வாசிப்புத் தந்திக்கும் பக்கவாட்டில் இருக்கும் மூன்று தாளத் தந்திக்கும் அப்படியே. தாளத் தந்தியை யாரும் துடைப்பதில்லை, விரல் நகம் படுகிற தந்திதானே என்று. துரு முதலில் அங்கேதான் ஏறும். தந்திக்கு அடியில் மெட்டைத் துடைக்க விரல் போகாது. ஒரு பாவாடை நாடாவைத் தந்திக்குக் கீழே நுழைத்து இரண்டு பக்கமும் பிடித்து, செருப்புக்குப் பாலீஷ் போடுவது மாதிரி இழுங்கள். மெட்டுகளுக்கு இடையில் இருக்கும் தூசிக்கு ஒரு அங்குலப் பெயின்ட் பிரஷ், புதுசு, இதற்கென்றே.

ஈரத்துணி எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். சானிடைசர் அதைவிட வேண்டாம். கொரோனா முடிந்து என் மனைவியின் வீணை வகுப்பு மறுபடி தொடங்கிய சமயம், ஒரு பெண்ணின் அம்மா நல்ல எண்ணத்தில் வீட்டு வீணையை முழுக்கச் சானிடைசர் போட்டுத் துடைத்துவிட்டார். வீணைக்குப் போடும் பாலீஷ் பெரும்பாலும் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் போடுவது. ஆல்கஹால் பட்டால் வந்த வழியே கரைந்து போகும். குடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிட்டது. "கிருமி போச்சா?" என்று என் மனைவி கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அந்த அம்மாவுக்கு அழுகை வந்தது.

சரஸ்வதி பூஜையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வருஷத்தில் வீணைக்கு அதிக ஆபத்தான நாள் அது. தண்ணீரில் குழைத்த சந்தனத்தைக் குடத்தின் பலகை மேல் நேராக அப்பி, அதன் மேல் குங்குமம் வைத்து, ஈரப்பூச்சரத்தை மெட்டுகள் மேல் கிடத்தி, பக்கத்தில் குத்துவிளக்கு. மறுநாள் விஜயதசமிக்கு எடுத்துப் பார்த்தால் சந்தனத்தின் அடியில் பாலீஷ் வெளுத்திருக்கும், குங்குமம் மரத்தின் ரேகைக்குள் இறங்கியிருக்கும். எங்கள் வீட்டில் இப்போது சந்தனமும் குங்குமமும் ஒரு வெற்றிலையில் இட்டு, அந்த வெற்றிலையை வீணைக்குப் பக்கத்துப் பலகையில் வைக்கிறோம். பூவை உதறி, குடத்தின் கோடியில் தந்திகளை மாட்டும் நாகபாசத்துப் பக்கம் மட்டும். கற்பூரத்தட்டைத் தள்ளிப் பிடிப்பது என் வேலை. "அம்பாளுக்கே மூணடி தள்ளியா காட்டுவீங்க?" என்று மாமியார் ஒருமுறை கேட்டார். மூன்றடி தள்ளித்தான்.

தந்தி மாற்றுவது என் தொழிலுக்குப் பக்கத்து வேலை என்பதால் இதில் கொஞ்சம் பெருமை உண்டு. நாலு வாசிப்புத் தந்தியில் சாரணியும் பஞ்சமமும் வெறும் எஃகுக் கம்பி. மந்தரமும் அனுமந்தரமும் மேலே கம்பி சுற்றியவை. எஃகுக் கம்பியில் விரலை ஓட்டினால் சொரசொரப்பு தட்டுகிறதா, மீட்டினால் நாதம் சட்டென்று அடங்குகிறதா, மாற்றுங்கள். துருவை உப்புத்தாளால் தேய்த்து இன்னும் ஒரு மாதம் ஓட்டலாம் என்ற சிக்கனம் வேண்டாம். தேய்த்த கம்பி மெட்டை அரம் மாதிரி அறுக்கும், மெட்டு மாற்றும் செலவு தந்திச் செலவைப் போலப் பல மடங்கு. சுற்றுக் கம்பியில் எண்ணெய் இறங்கினால் நாதம் செத்துவிடும், துடைத்தாலும் வராது.

ஒரு நேரத்தில் ஒரே தந்தி. ஏழையும் ஒரேயடியாக அவிழ்த்துவிட்டுச் சுத்தம் செய்து, புதுசு போடலாம் என்று இறங்காதீர்கள். குதிரை குடத்தின் பலகை மேல் தந்திகளின் அழுத்தத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. அழுத்தம் போனால் நகரும். நகர்ந்த குதிரைக்கும் பதிந்த மெட்டுக்கும் அப்புறம் கணக்கு ஒத்துப்போகாது. முன்னெச்சரிக்கையாகக் குதிரையின் கால் ஓரத்தில் மெல்லிய பென்சிலால் இரண்டு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பழைய தந்தியை முதலில் பிரடையில் தளர்த்துங்கள், இழுவையில் இருக்கும்போது வெட்டாதீர்கள். அறுந்த கம்பி எங்கே பாயும் என்று எனக்குத் தெரியும், பார்த்திருக்கிறேன். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், குழந்தைகளைப் பக்கத்திலிருந்து தள்ளிப் போகச் சொல்லுங்கள். குடத்தின் மேல் ஒரு செய்தித்தாள் விரித்துக்கொண்டால் கம்பி முனை பாலீஷைக் கீறாது. புதுத் தந்தியை நாகபாசத்தில் மாட்டி, ஸ்ருதியை நுணுக்கமாகச் சரிசெய்ய உதவும் லங்கரைக் கோத்து, மெட்டுகள் மேல் கொண்டுபோய்ப் பிரடையில் நாலைந்து சுற்று. சுற்று ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் பக்கத்தில் பக்கத்தில் விழ வேண்டும். ஸ்ருதிக்கு ஒரே மூச்சில் ஏற்றாதீர்கள். கொஞ்சம் ஏற்றி, நடுவில் விரலால் மெல்லத் தூக்கி விட்டு, மறுபடி ஏற்றி. லங்கர் பாதி வழியில் நிற்கும்படி ஸ்ருதியைப் பிரடையிலேயே முடித்துக்கொண்டால் மேலேயும் கீழேயும் நகர்த்த அதற்கு இடம் இருக்கும்.

பிரடை விஷயத்தில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். ஒரு கார்த்திகை மாதம், நாலு நாள் அடைமழை. சாரணியின் பிரடை அசையவே இல்லை. கை பழக்கம், கட்டிங் பிளையரை எடுத்துப் பிடித்துத் திருகினேன். 'டக்' என்றது. பிரடையின் தலை என் கையில், தண்டு துளைக்குள். மழையில் மரம் ஊதும், பிரடை இறுகும். கோடையில் சுருங்கும், பிரடை வழுக்கும். இறுகினால் பலம் காட்டாமல் வீணையை உலர்ந்த அறைக்கு மாற்றி இரண்டு நாள் பொறுத்திருங்கள், தானே விடும். விட்டதும் பிரடையை வெளியே எடுத்து, துளையில் உரசும் இடத்தில் உலர்ந்த சோப்புக் கட்டியை ஒரு சுற்றுத் தேயுங்கள். வழுக்கினால் அதே இடத்தில் வெள்ளைச் சாக்பீஸ். இரண்டையும் கொஞ்சமாக. ஒவ்வொரு வருஷமும் சோப்பும் சாக்பீஸும் மாறி மாறிப் பூசி ஒரு பசையாக்கிவிட்டால் அப்புறம் ஆசாரிதான் துளையைச் சுத்தம் செய்ய வேண்டும்.

காவிரிக் கரை ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை ஈரம் சொல்ல வேண்டியதில்லை. உப்பு ஜாடி தண்ணீராக நிற்கும். அறைக்குள் ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி வைத்தேன். 50, 60 சதவீதம் என்றால் நிம்மதி, 75ஐத் தாண்டினால் வீணையை அதன் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவேன். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல். இது டிரான்ஸ்ஃபார்மரில் கற்றது. டிரான்ஸ்ஃபார்மர் மூச்சு விடும் குழாயில் கண்ணாடிப் புட்டிக்குள் நீலமாக உருண்டைகள் இருக்கும், எண்ணெய்க்குள் ஈரம் போகாமல் தடுக்க. நீலம் வெளிறி ரோஸ் நிறம் ஆனால் ஈரம் குடித்து நிரம்பிவிட்டது என்று அர்த்தம். அதே உருண்டைகளைத் துணிப் பையில் முடிந்து குடத்துப் பக்கம் ஒன்று, யாளிப் பக்கம் ஒன்று. ரோஸ் ஆனதும் இதற்கென்று ஒதுக்கிய பழைய வாணலியில் சிறுதீயில் வறுத்தால் மறுபடி நீலம். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், சமையல் பாத்திரத்தில் வறுக்காதீர்கள், குழந்தை கையில் கொடுக்காதீர்கள்.

உறை பருத்தியாக இருக்கட்டும். ரெக்ஸின் உறை பயணத்துக்குச் சரி. வீட்டில் மாதக்கணக்காக அதற்குள் வைத்தால் உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும். பூச்சிக்கு வசம்புத் துண்டுகளை மெல்லிய துணியில் கட்டிப் பெட்டியில் போடுகிறோம். பாச்சா உருண்டை போடுபவர்கள் அது வீணையின் பிளாஸ்டிக் பட்டைகளைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சில வகைப் பிளாஸ்டிக் அதில் இளகிப் பிசுபிசுக்கும். வீணைக்குக் கீழே வெள்ளைத் துணி விரித்தால் ஒரு லாபம் உண்டு. மரத்தில் துளைக்கும் பூச்சி இருந்தால் காலையில் துணியில் மாவு மாதிரி ஒரு சிட்டிகை கிடக்கும். அதைப் பார்த்தால் அந்த வீணையை மற்ற வீணைகளிடமிருந்து பிரித்துவிட்டு ஆசாரியைக் கூப்பிடுங்கள்.

பயணத்துக்கு முதலில் சுரைக்காயைக் கழற்றித் தனிப்பையில் வையுங்கள். எல்லாத் தந்தியையும் ஒரே அளவாக இரண்டு ஸ்வரம் இறக்குங்கள், முழுசாக அவிழ்க்க வேண்டாம். தந்திக்கும் மெட்டுக்கும் நடுவில் நீளமாக ஒரு ஃப்ளானல் துணி. யாளியின் கழுத்தைச் சுற்றித் துண்டு சுற்றி, பெட்டிக்குள் எந்தப் பக்கம் ஆட்டினாலும் குலுங்காதபடி இண்டு இடுக்கை நிரப்புங்கள். காரில் என்றால் யாராவது ஒருவர் வீணையோடு காரிலேயே இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது யார் என்று சொல்லத் தேவையில்லை. கல்யாணச் சாப்பாட்டை இரண்டாம் பந்தியில் சாப்பிட்டுப் பழகிவிட்டேன். ஒட்டு வீணை என்றால் இறங்கியதும் குடமும் தண்டியும் சேரும் இடத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். அந்த இணைப்பில் புதிதாகக் கோடு விழுந்திருந்தால் தந்தியை ஏற்றாதீர்கள். பழைய வீணையை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் அதன் வெள்ளை வேலைப்பாடு என்ன பொருள் என்று கிளம்பும் முன்பே விசாரித்துவிடுங்கள். தந்தமாகவோ மான்கொம்பாகவோ இருந்தால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இங்கே, சுங்கக்காரர்கள் அங்கே. இப்போது செய்கிற வீணைகளில் அதற்குப் பதில் பிளாஸ்டிக்தான்.

வாசிக்க ஆள் இல்லாமல் நாள்கணக்கில் வைத்திருக்க வேண்டி வந்தால், ஒரு ஸ்வரம் இறக்கி, துடைத்து, சிலிக்கா ஜெல் போட்டு, பெட்டியில் வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை திறக்க வேண்டும். எனக்கு ஞாபக மறதி, அதனால் காலண்டரில் அமாவாசை, பௌர்ணமி என்று வைத்துக்கொண்டேன். மாமியாரின் வீணை இப்போது அப்படித்தான் இருக்கிறது. அவர் காலமாகி மூன்று வருஷம் ஆகிறது, அதை வகுப்புக்குத் தர என் மனைவிக்கு மனசு வரவில்லை. பௌர்ணமியன்று பெட்டியைத் திறந்து, கண்ணைத் தாழ்த்தி மெட்டு வரிசை பார்த்து, ஜெல் நிறம் பார்த்து, துணியில் மாவு இருக்கிறதா என்று பார்த்து, ஸ்ருதிக்கு ஏற்றுவேன். அப்புறம் எனக்குத் தெரிந்த ஒரே சங்கதியை வாசிப்பேன்: மாயாமாளவகௌளையில் முதல் சரளி வரிசை. ஸவுக்குத் தந்தியை அப்படியே மீட்ட வேண்டும், ரிஷபத்துக்கு முதல் மெட்டு.

"என்னங்க, ரி பேசல" என்று சமையலறையிலிருந்து குரல் வரும்.

வாசிப்பதை நிறுத்திவிட்டு, முதல் மெட்டின் காலடி மெழுகை விரலால் தொட்டுப் பார்ப்பேன். கெட்டியாகத்தான் இருக்கும்.

"மெழுகு நல்லாத்தான் இருக்கும்மா."

"மெழுகைச் சொல்லல, உங்க விரலைச் சொன்னேன்."